திறந்திருந்த கண்கள்

2020 மே மாதம், சென்னையில் கொரோனா வேகமெடுத்த நாட்களில், ஓர் ஆய்வு அமைப்பின் களப்பணியாளர்கள் 62 பேர் வீடு வீடாகப் போனார்கள். தொற்று உறுதியானவரின் வீட்டாரைப் பார்த்து, தனித்திருப்பது எப்படி, மாஸ்க் போடுவது எப்படி என்று சொல்லிவிட்டு வருவதுதான் வேலை. சானிடைசர், மூன்றடுக்கு மாஸ்க், கையுறை, காலணி உறை எல்லாம் கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 12 பேருக்குத் தொற்று வந்துவிட்டது. மிச்சமிருந்த 50 பேருக்கு 250 மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் ஃபேஸ் ஷீல்டும் கொடுத்து மறுபடி அனுப்பினார்கள். ஜூன் கடைசி வரை சுற்றினார்கள், ஒருவருக்கும் வரவில்லை. ஆகஸ்டில் ‘ஜாமா’ மருத்துவ இதழ் இதைச் சிறு ஆய்வுக் கடிதமாக வெளியிட்டது.

கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஷீல்டுக்கு முன் 5,880 வீடுகள், 31,164 பேர். அவர்களில் 222 பேருக்குப் பிறகு தொற்று தெரிந்தது. ஷீல்டுக்குப் பின் 18,228 வீடுகள், 1,18,428 பேர், தொற்றுள்ளவர்கள் 2,682. அதாவது முன்பு ஆயிரத்தில் ஏழு பேராக இருந்தது இருபத்துமூன்றாகிவிட்டது. தெருவில் நோய் மும்மடங்கான நேரத்தில் பணியாளர்களிடம் அது பூஜ்ஜியமாகியிருக்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் முழுப் புகழையும் ஒரு பிளாஸ்டிக் தாளுக்கு எழுதிவைக்க முடியாது. ஷீல்டு இல்லாமல் அதே நாட்களில் அதே தெருக்களுக்குப் போன இன்னொரு குழு ஒப்பிடுவதற்கு இல்லை. கூட வேலை பார்த்த 12 பேருக்குத் தொற்று வந்ததைப் பார்த்தவர்கள் அடுத்த வாசலில் ஓரடி தள்ளித்தானே நின்றிருப்பார்கள்? இவர்கள் வீட்டுக்குப் போகாமல் விடுதியில் தனித்தனி அறைகளில் தங்கியவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மாலையில் வீடு திரும்பிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற ‘ஆஷா’ சுகாதாரப் பணியாளருக்கு இந்தப் பூஜ்ஜியத்தை அப்படியே வாக்களிக்க இயலாது.

என்றாலும் ஒன்றை இந்த ஆய்வு சுட்டிக்காட்டிவிட்டது. 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் தந்த வழிகாட்டுதலில், கள ஆய்வுக்குப் போகும் ஆஷா, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு மூன்றடுக்கு மாஸ்க், கையுறை, ஒரு மீட்டர் இடைவெளி, அவ்வளவுதான். முழு உடல் கவச உடைக்குப் பெரும் பஞ்சமான நேரம் அது; இருந்ததைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒதுக்கியது சரியான முடிவு. அந்த உடையை மாட்டிக்கொண்டு அக்கினி நட்சத்திர வெயிலில் மாடிப்படி ஏறச் சொல்வதும் கொடுமைதான். பிழை வேறிடத்தில் இருக்கிறது. செய்கிற வேலையை வைத்து ஆபத்தை அளந்தார்கள், பார்க்கிற முகங்களை எண்ணவில்லை. அந்த 62 பேரில் ஒவ்வொருவரும் சராசரியாக ஐந்நூறு பேரை எதிர்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு மீட்டர் இடைவெளியைச் சென்னையின் சந்துகளில் எங்கே தேடுவது? மாடிப்படி முடிகிற இடத்திலேயே கதவு. உள்ளிருந்து வரும் பெரியவருக்குக் காது மந்தம், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு “என்னம்மா சொல்ற?” என்று நெருங்கி வருவார். மூக்கும் வாயும் மூடியிருந்தாலும் பணியாளரின் கண் திறந்தே இருக்கிறது. கையுறையோ அதே ஜோடிதான் கேட்டையும் அழைப்பு மணியையும் பேனாவையும் செல்போனையும் தொடுகிறது. கையுறைக்கு இடம் தந்த பட்டியலில் கண்ணுக்கு இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அதற்காக ஷீல்டைத் தனியே மாட்டிக்கொண்டால் போதும் என்று கிளம்பியவர்களும் ஏமாந்தார்கள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஷீல்டோடு மட்டும் கடையில் உட்கார்ந்திருந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் ஃபுகாகு சூப்பர் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தபோது, மிக நுண்ணிய துளிகள் அநேகமாக முழுவதும் ஷீல்டின் ஓரங்கள் வழியே வெளியேறிவிடுகின்றன என்று தெரிந்தது. சென்னைக் குழுவினர் மாஸ்க்கின் மேல்தான் ஷீல்டு அணிந்தார்கள். நேரே வந்து விழும் எச்சில் துளியையும் தன்னையறியாமல் கண்ணைத் தேய்க்கப் போகும் விரலையும் ஷீல்டு தடுக்கும். காற்றில் மிதப்பதற்கு நல்ல மாஸ்க்தான் வேண்டும். களத்துக்குக் கிடைத்ததோ சாதாரண மூன்றடுக்கு.

அணிந்து பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மூச்சு பட்டு ஷீல்டின் உட்புறம் பனி படரும். நெற்றியில் ஒட்டிய ஸ்பாஞ்சுப் பட்டை வியர்வையில் ஊறி அரிக்கும். கண்ணாடி போட்டவர் பாடு இரட்டிப்பு. தினமும் துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்தபின் படிவத்தில் பெயர் எழுத அதைத் தூக்கித்தான் ஆகவேண்டும். ஆய்வில் ஆறு வாரம் மேற்பார்வை இருந்தது. மேற்பார்வையும் மாற்று ஷீல்டும் இல்லாத இடத்தில் அது மெல்ல உச்சந்தலைக்கு ஏறிவிடும், போலீஸ் இல்லாத சாலையில் நம் ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்துகொள்வதைப் போல.