அரசின் அதிகாரமும் சட்ட அறிஞர் மரபும்

அரசியல் சாசனம் அமலுக்கு வந்த 1950-ஆம் ஆண்டிலேயே, ராஜாங்கத்தின் அதிகாரத்துக்கு எல்லை எது, அந்த எல்லையை நிர்ணயிப்பவர் யார் என்ற மகத்தான விவாதத்தை உச்ச நீதிமன்றத்தின் வாயிலுக்குக் கொண்டுசென்றவை நம் சென்னை ராஜ்யத்து வழக்குகளே. தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் வழக்கும், ‘கிராஸ் ரோட்ஸ்’ பத்திரிகை இந்த ராஜ்யத்துக்குள் வரலாகாதென்ற தடையை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கும் அவ்வாண்டு மே மாதத்தில் ஒரு வார இடைவெளியில் முடிவாயின. பத்திரிகை வென்றது, கோபாலனுக்கு விடுதலை கிடைக்கவில்லை.

கோபாலன் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு, சாசனத்தின் சொல்லையே பிரமாணமாகக் கொள்ளும் மரபுக்கு அஸ்திவாரம் இட்டது. சட்டமன்றம் முறைப்படி இயற்றிய சட்டம் ஒன்று இருக்குமாயின், அச்சட்டம் நியாயமானதுதானா என்று ஆராய்வது நீதிபதியின் வேலையன்று என்பது அதன் சித்தாந்தம். உரிமைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்று நீதிபதி பஸல் அலி அன்று தனித்து எழுதிய அபிப்பிராயம், 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான் முழு வெற்றி கண்டது. ஆயினும் சொல்வழி மரபை இகழ்ந்து ஒதுக்குவது தகாது. நீதிபதியின் சொந்த விருப்பு வெறுப்பே சட்டமாகிவிடக் கூடாதென்ற கவலை அதன் உயிர்நாடி.

சாசனத்தின் சொற்களுக்கு அப்பால், அதைத் தாங்கி நிற்கும் அமைப்பை நோக்கிய மரபு மற்றொன்று. திருத்தும் அதிகாரத்துக்கும் உள்ளார்ந்த வரம்பு உண்டு என்ற கருத்தை 1965-இல் பனாரஸ் இந்து சர்வகலாசாலையில் ஜெர்மானிய அறிஞர் டீட்டர் கான்ராட் உரையாக நிகழ்த்தினார். கோபாலனுக்காக வாதாடிய எம். கே. நம்பியாரே, பின்னர் கோலக்நாத் வழக்கில் அதனை நீதிமன்றத்தின் முன் வைத்தார். கேசவானந்த பாரதி வழக்கில் நானி பல்கிவாலா ஒருபுறமும், கேரள சர்க்காருக்காக எச். எம். சீர்வை மறுபுறமும் நிற்க, பதின்மூன்று நீதிபதிகள் 68 நாட்கள் செவிமடுத்து, 1973 ஏப்ரல் 24 அன்று ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைப் பாராளுமன்றமும் அழிக்க இயலாதெனத் தீர்ப்பளித்தனர்.

இம்மரபுகள் இரண்டையும் சோதித்த காலம் நெருக்கடி நிலை. மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடைபட்டோர் ஆட்கொணர்வு மனுச் செய்யலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறியிருந்தும், 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் நால்வர் அதனை மறுத்தனர்; ஐந்தாமவரான எச். ஆர். கன்னா மட்டும் இணங்கவில்லை. மறு ஆண்டு ஜனவரியில் அவருக்குரிய தலைமை நீதிபதி பதவி அவரை விடுத்து இளையவருக்கு அளிக்கப்பட, கன்னா ராஜினாமா செய்தார். அந்நால்வரில் ஒருவரான ஒய். வி. சந்திரசூட்டின் மைந்தரே, 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த புட்டசாமி வழக்கில், அத்தீர்ப்பு செல்லாதென எழுதினார்.

ஓர் அறிஞரின் தரத்தை நிர்ணயிக்க என் மனத்துக்கு உகந்த உதாரணம் சீர்வைதான். 1976-ஆம் ஆண்டின் அந்த ஆட்கொணர்வுத் தீர்ப்பைக் கண்டித்து 1978-இல் தனி நூல் இயற்றிய அவர், எந்தச் சித்தாந்தத்தை எதிர்த்து நாட்கணக்கில் வாதாடினாரோ, அதையே நெருக்கடி நிலை கற்பித்த படிப்பினைக்குப் பின் தம் பெருநூலின் புதிய பதிப்பில் ஏற்றுக்கொண்டார். எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதும், அது சரியெனப் புலப்பட்டால் பகிரங்கமாக ஒப்புவதும் இத்துறையின் உயர்ந்த பிரமாணங்கள்.

நீதிமன்றத்தின் படியேற வசதியற்றவரின் நிலையிலிருந்து சட்டத்தை நோக்கிய பிற்கால மரபையும் இங்குக் குறிப்பிட வேண்டும். காவல் நிலையத்தில் ஓர் ஆதிவாசிப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் குற்றவாளிகளை விடுவித்த தீர்ப்பைக் கண்டித்து, உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் முதலிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-இல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அதனால் எழுந்த கிளர்ச்சியின் பயனாகவே 1983-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது.

இத்தனை செழித்த மரபு, அது பிறந்த இடமாகிய தடுப்புக் காவலில்தான் இன்றும் மெலிந்து நிற்கிறது. 1982-ஆம் ஆண்டின் நம் மாநிலச் சட்டம், ‘குண்டர் சட்டம்’ என்று தெருவில் வழங்குவது, விசாரணையின்றி ஒருவரைப் பன்னிரண்டு மாதங்கள் வரை அடைத்துவைக்க இடமளிக்கிறது. கைதியின் முறையீட்டைப் பரிசீலிப்பதில் நேர்ந்த தாமதம் போன்ற குறைகளைக் காட்டி உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளை ரத்துச் செய்கிறது. அதற்குள் அவர் சிறையிலே மாதங்களைக் கழித்திருப்பார். தம் கட்சியினர் பிடிபடும்போது மட்டும் இச்சட்டத்தைக் கொடியதென்று முழங்கி, மாற்றுக் கட்சியினர் பிடிபடும்போது மௌனம் சாதிக்கும் வழக்கம் பொதுவாழ்வில் மலிந்திருக்கலாம். சட்டம் கற்றோரிடத்தில் அது இருக்கவே கூடாது.

நம் சட்டக் கல்லூரிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும், ரத்தான காவல் உத்தரவுகளை ஆண்டுதோறும் தொகுத்து, ஒவ்வொன்றிலும் கைதி இழந்த நாட்களையும் உத்தரவில் காணப்பட்ட குறையையும் தமிழிலேயே எழுதி வெளியிட முன்வர வேண்டும்.