ஒரு செம்புத் தண்ணீர்: திறந்தமூல பூட்லோடர்களும் புனேயும்

இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ஏரீஸ் போர்டை, சீரியல் வழியாக நிரல் பெறும் நிலையில் ஜம்பரை வைத்துக் கணினியில் செருகினால், திரையில் முதலில் நிறுவனத்தின் பெயர் தோன்றும். அடுத்து, எக்ஸ்மோடம் முறையில் கோப்பை அனுப்பச் சொல்லும் ஒரு வரி. அதன்பின் ‘சி’ என்ற ஒரே ஆங்கில எழுத்து விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு ஏதோ பழுது என்று தோன்றும். உண்மையில் அது ஓர் அழைப்பு. “நான் விழித்துவிட்டேன். 128 பைட் கொண்ட பொதிகளாக நிரலை அனுப்பு, சிஆர்சி கணக்குப் போட்டுச் சரிபார்த்து வாங்கிக்கொள்கிறேன்” என்பதே அந்த ஓரெழுத்தின் பொருள். அப்படி அழைக்கும் சிறு நிரலுக்குப் பெயர் பூட்லோடர்.

அடிபம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் மேலே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி அடிப்போம். கீழே எவ்வளவு ஊற்று இருந்தாலும் அந்த முதல் செம்பு வெளியிலிருந்துதான் வர வேண்டும். பூட்லோடர் செய்வதும் இதைத்தான். மாணவர்கள் பரவலாகக் கையாளும் பீகிள்போன் பிளாக் போர்டில் 512 மெகாபைட் ரேம் இருக்கிறது. ஆனால் மின்சாரம் வந்த கணத்தில் அந்த ரேம் உறங்கிக் கிடக்கிறது. அதை எழுப்பும் நிரலை அதற்குள்ளேயே வைக்க முடியாது. ஆகவே, சில்லுக்குள் பொறித்த நிரல் முதலில் எஸ்டி கார்டிலிருந்து எம்எல்ஓ என்ற சிறு கோப்பை எடுத்துச் சில்லின் உள்நினைவகத்தில் வைக்கிறது. அங்கே கிடைக்கும் இடம் சுமார் 109 கிலோபைட். அதற்குள் அடங்கும் நிரல் ரேமை எழுப்புகிறது. பிறகு பெரிய பூட்லோடர் ரேமில் வந்து அமர்கிறது. லினக்ஸ் கருவை அழைத்துவந்து பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது.

எந்திரத்தை எழுப்பும் இந்தச் சங்கதி புனேவுக்குப் பழையது. அமெரிக்கா கிரே சூப்பர் கணினியைத் தர மறுத்த பின்னணியில், 1988இல் விஜய் பட்கர் தலைமையில் சி-டாக் அங்கே தொடங்கப்பட்டது. 1991இல் பரம் 8000 வந்தது. அதன் கணுக்களில் இருந்தவை பிரிட்டனின் இன்மோஸ் நிறுவனத்து டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள். அந்தச் சில்லுக்கு ஓர் அழகான இயல்பு உண்டு. ரோம் இல்லாவிட்டாலும் அது விழித்துக்கொள்ளும். தன் நான்கு இணைப்புகளில் எதிலாவது முதல் பைட் வரக் காத்திருக்கும். வந்த எண் 0 என்றால் நினைவகத்தில் எழுத வேண்டும். 1 என்றால் நினைவகத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். 2 அல்லது அதற்கு மேல் என்றால், அத்தனை பைட் நீளமுள்ள நிரல் பின்னால் வருகிறது என்று அர்த்தம். அதை வாங்கி ஓடத் தொடங்கிய சில்லு, தன் பக்கத்துச் சில்லை எழுப்பலாம். கார்த்திகையன்று ஓர் அகலிலிருந்து அடுத்த அகலை ஏற்றுவதுபோல, ஒன்றையொன்று எழுப்பும் எந்திரக் கூட்டம் அது.

இன்றைய திறந்தமூல பூட்லோடர்களில் பரவலாக அறியப்பட்ட பெயர் யூ-பூட். மேக்னஸ் டாம் எழுதிய ஒரு சிறு நிரலில் தொடங்கி, ஜெர்மனியின் வொல்ஃப்கேங் டெங்க் கையில் 2000இல் பிபிசிபூட் ஆகி, ஆர்ம் சில்லுகளுக்கும் விரிந்து 2002இல் யூ-பூட் என்ற பெயர் பெற்றது. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு நீர்மூழ்கிக் கப்பல் என்றும் பொருள். கண்ணுக்குத் தெரியாமல் அடியில் வேலை செய்யும் நிரலுக்கு மிகப் பொருத்தமான பெயர். டெங்க் 2022இல் மறைந்தார். அவர் தழைக்கவைத்த மரபு டாம் ரினியின் பொறுப்பில் தொடர்கிறது. யூ-பூட்டிலிருந்து கிளைத்து, லினக்ஸ் கருவின் உள்ளமைப்பை ஒட்டி வளர்ந்தது பேர்பாக்ஸ். 1999இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் லினக்ஸ்பயாஸ் என்று பிறந்த கோர்பூட், இன்று குரோம்புக் மடிக்கணினிகளில் இருக்கிறது. லினக்ஸ் ஏற இடமில்லாத சின்னஞ்சிறு சில்லுகளுக்கு எம்சியூபூட் உண்டு. அது நினைவகத்தை இரு அறைகளாகப் பிரித்துக்கொள்கிறது. புதிய நிரலின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. புதியது ஓடாவிட்டால் பழையதற்கே திரும்ப வழி வைத்திருக்கிறது.

யாரும் எடுத்துச் சில்லு வடிக்கத்தக்க திறந்த கட்டளைத் தொகுப்பான ரிஸ்க்-ஃபைவ் வந்தபின் இந்தத் துறை நம் வாசலுக்கே வந்துவிட்டது. சென்னை ஐஐடியின் சக்தி சில்லுகள் 2018இல் சண்டிகரை ஒட்டிய மொகாலியில் 180 நானோமீட்டரிலும் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரிலும் உருவாயின. சி-டாக்கின் திருவனந்தபுரம் மையம் வேகா வரிசையை வடிவமைத்தது. ஏரீஸ் போர்டில் இருக்கும் தேஜஸ்32 அந்த வரிசையைச் சேர்ந்தது. சில்லை வடித்தால் மட்டும் வேலை முடிவதில்லை. அதன்மேல் ஓபன்எஸ்பிஐ, யூ-பூட் போன்ற அடுக்குகள் ஏற வேண்டும். ஒவ்வொரு புதிய போர்டுக்கும் யாராவது உட்கார்ந்து கடிகார வேகத்தையும் ரேம் அளவையும் பின்களின் பயனையும் எழுதித் தர வேண்டும். அந்த ஆட்கள் நமக்குப் போதாது என்பதே என் கவலை.

திறந்தமூலம் இங்கே ஏன் இத்தனை முக்கியம்? முதல் ஆணை யார் கையிலோ, எந்திரமும் அவர் கையில். புனேயை அடுத்த பிம்ப்ரி-சிஞ்ச்வட், சாக்கன் ஆலைகளில் உருவாகும் ஒவ்வொரு காரிலும் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உண்டு. அவற்றுக்குள் புது நிரலை ஏற்றித் தருவது பூட்லோடர்தான். மூடிய பூட்லோடரைத் தந்த நிறுவனம் கைவிட்டால் அந்தப் பெட்டி அநாதை. யூ-பூட்டின் ஜிபிஎல் உரிமம், பொருளை விற்பவர் நிரலின் மூலத்தையும் தர வேண்டும் என்கிறது. எல்லாக் கதவும் இதனால் திறந்துவிடாது. சில்லுக்குள் பொறித்த முதல் நிரல் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. கையொப்பச் சாவி தயாரிப்பாளரிடம் மட்டுமே இருந்தால், மூலம் கையிலிருந்தும் மாற்றிய நிரலை ஏற்ற முடியாது. இதைத் தெரிந்துகொண்டுதான் திறந்தமூலத்துக்காக வாதாட வேண்டும்.

வாதாடுவதற்கு முன் ஒன்றைக் கட்டிப் பார்க்க வேண்டும். சி-டாக்கின் எம்பெடட் பட்டயப் படிப்புக்காகப் புனேவுக்கு ரயிலேறும் நம் பிள்ளைகளிடம் நான் கேட்பது இது: ஏரீஸ் போர்டின் 256 கிலோபைட் நினைவகத்துக்குள் உங்கள் சொந்த பூட்லோடரை எழுதுங்கள். முதலில் ஸ்டாக்குக்கு இடம் குறியுங்கள். தொடக்க மதிப்பில்லாத மாறிகளின் இடத்தைப் பூஜ்யமாக்குங்கள். சீரியல் கம்பியை 115200 வேகத்தில் பேசவையுங்கள். வரப்போகும் நிரல் உங்கள் நிரலின் மேலேயே எழுதிவிடாதபடி, யூ-பூட் செய்வதுபோல நினைவகத்தின் கடைக்கோடிக்கு இடம் மாறுங்கள். 128 பைட் பொதி ஒவ்வொன்றையும் சரிபாருங்கள்; பிழையானால் திருப்பிக் கேளுங்கள். எல்லாம் வந்து சேர்ந்ததும் புதிய நிரலின் முதல் முகவரிக்குத் தாவுங்கள்.

சில நூறு வரிதான். ஆனால் ஒரு தவறான முகவரி போதும், போர்டு ஊமையாகிவிடும், எதுவும் சொல்லாது. அப்போது யூ-பூட்டின் மூலத்தைத் திறந்து, அதே சிக்கலை இன்னொருவர் எப்படித் தீர்த்தார் என்று படியுங்கள். மூடிய நிரல் ஒருநாளும் தராத பாடம் அது. ஓர் இரவு திரையில் மீண்டும் அந்த ‘சி’ வரும். இம்முறை அப்படி அழைப்பது நீங்கள் எழுதிய நிரலாக இருக்கும்.