மெய்நிகர் உலகிற் கல்வி: ஒரு தீவக நோக்கு

இணையவழி மெய்நிகர் உலகங்களைப் போற்றி எழுதுவோர், அவை தூரத்தை வென்றுவிட்டன என்றே பெரும்பாலும் தொடங்குவர். குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்தோர்க்கு இக்கூற்றுக் கவர்ச்சியானதே. காற்றுக் கடுமையாயிற் படகு ஓடாது. படகு ஓடாவிடின் அக்கரையிலிருந்து வரவேண்டிய ஆசிரியரும் வரார். அவ்வாறாயின், கடலே இல்லாத உலகொன்றிற் பள்ளியை அமைத்துவிட்டாற் போதாதா? இவ்வினாவுக்கு விடை கூறுமுன், அத்தகைய உலகிற் பள்ளி அமைத்தோர் யாது செய்தனர் என்பதை நோக்குதல் தகும்.

2003 இல் அமெரிக்காவின் லிண்டன் லாப் நிறுவனம் 'செக்கன்ட் லைஃப்' என்னும் மெய்நிகர் உலகைத் திறந்தது. அதனுட் புகுவோர் தமக்கென ஓர் உருவைப் புனைந்துகொள்வர், பிறரோடு உரையாடுவர், நிலம் பெற்றுக் கட்டடம் எழுப்புவர். 256 மீற்றர் சதுரமான தனி நிலக்கூறுகளைத் 'தீவு' என்றே வழங்கினர். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல அத்தீவுகளைப் பெற்றன. 2007 இல் மாலைதீவு அரசு அங்குத் தூதரகமொன்றையும் திறந்தது.

பெற்ற தீவுகளிற் பல்கலைக்கழகங்கள் பலவும் தத்தம் வளாகங்களையே நகலெடுத்தன. அதே விரிவுரை மண்டபம். அதே வரிசை இருக்கைகள். முன்னே ஒரு திரை. கால் நோவறியாத, பறக்கவும் வல்ல உருவத்துக்கு நாற்காலி எதற்கென்று வினவியோர் சிலரே. கடலைக் கடந்தும் வகுப்பறையைக் கடக்காத முயற்சி இது என்பது எமது துணிபு.

இதனின் வேறுபட்டது, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக் கிறிஸ் டீட் குழுவினர் உருவாக்கிய 'ரிவர் சிற்றி'. 19 ஆம் நூற்றாண்டு நகரமொன்றில் மக்கள் நோயுறுகின்றனர். மாணவர் சிறு குழுக்களாக அந்நகரிற் புகுந்து, குடிகளை வினவி, நீரையும் நுளம்பையும் ஆராய்ந்து, கருதுகோள் அமைத்துச் சோதிக்கின்றனர். இங்கு ஆசிரியர் உரை முதன்மை பெறவில்லை. மாணவர் செயலே கல்வியாகிறது.

எமது தீவகத்துக்கும் இத்தகைய வினாவொன்று உண்டு. மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கின்றது. அளவு மீறி இறைப்பின் உவர்நீர் மேலெழுந்து கிணறு கெடும். நீர் கெட்டதை நாவு அறியும். அது கெட்ட விதத்தைக் கண் அறியாது. நிலத்தைப் பிளந்து காட்டவும், பல்லாண்டு மழையையும் இறைப்பையும் சில நிமிடங்களில் ஓட்டிக் காட்டவும் மெய்நிகர் உலகால் இயலும். கரும்பலகையில் அரிதாயது இதுவே. இத்தகைய பயன் கருதியே அக்கருவியை நாம் வேண்டுதல் தகும்.

ஆயினும் அந்நிலம் யாருடையது என்பதும் கருதற்பாலது. கல்வி நிறுவனங்களுக்கு அரைக்கட்டணச் சலுகை வழங்கிவந்த லிண்டன் லாப், 2011 முதல் அது நீங்குமென 2010 இல் அறிவித்தது. பல்கலைக்கழகங்கள் பல வெளியேறின. 2013 இற் சலுகை மீண்டபோதிலும் கைவிடப்பட்ட தீவுகள் மீளவில்லை. கட்டணம் நின்றால் நிலமும் அழியும் அவ்வுலகிற் பள்ளி நிலைப்பது எங்ஙனம்? 2021 இற் பேஸ்புக் நிறுவனம் மெற்றா எனப் பெயர் மாற்றியபோது எழுந்த ஆரவாரத்தில் இந்த அனுபவம் நினைவுகூரப்பட்டதாகத் தெரியவில்லை.

மின்சாரமும் ஒரு கடலே. 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிற்று. எனவே தொலைவிலுள்ள வழங்கியையும் விலையுயர்ந்த தலையணிக் கருவியையும் நம்பிய உலகு எமக்கு உதவாது. பாடசாலையிலுள்ள பழைய கணினியில், இணையமின்றியும் இயங்கும் ஒரு கிணறு போதும். அதனை ஆக்குதற்கு விஞ்ஞான பீடத்தாரோடு புவியியல், தமிழ் மாணவரும் அமர்தல் வேண்டும். துரவு, கேணி, உவர் என்னும் சொற்களே அதில் வழங்கவேண்டும். நெடுந்தீவுப் பிள்ளையொன்று தன் வளவின் முருகைக்கல் மதிலை அதில் இனங்காணவும் வேண்டும்.