‘பியூட்டிஃபுல் லூசர்ஸ்’ ஆவணப்படத்தில் ‘நாம்’: எதிர்ப்பண்பாட்டுக் கலையும் பிரதிநிதித்துவமும்

1990களில் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் ‘அலெஜ்டு’ என்ற கலைக்கூடத்தை நடத்தியவர் ஆரன் ரோஸ். அதைச் சுற்றி உருவான நண்பர் குழுவைப் பற்றி அவரே ஜோஷுவா லெனார்டுடன் இணைந்து இயக்கிய ஆவணப்படம் ‘பியூட்டிஃபுல் லூசர்ஸ்’ (2008). கலைக்கூட உரிமையாளர், தொகுப்பாளர், இயக்குநர், கதைமாந்தர் ஆகிய நான்கு நிலைகளும் ஒருவரிடமே குவிந்திருப்பதால், படத்தில் ஒலிக்கும் ‘நாம்’ யாரைக் குறிக்கிறது என்பது பிரதிநிதித்துவம் சார்ந்த வினாவாகிறது.

ஸ்கேட்போர்டு, பங்க் இசை, சுவரெழுத்து ஆகியவற்றில் வளர்ந்த ‘வெளியாட்கள்’ என இக்கலைஞர்கள் முன்வைக்கப்படுகின்றனர். ஆனால் பேரி மெக்கீ சான் பிரான்சிஸ்கோ கலை நிறுவனத்திலும், ஷெப்பர்ட் ஃபேரி ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியிலும், மைக் மில்ஸ் கூப்பர் யூனியனிலும் பயின்றவர்கள். அவர்களது புறக்கணிப்பு உணர்வு பொய்யன்று. எனினும் அது மனநிலையாக விவரிக்கப்படுகிறதே ஒழிய, வர்க்கம், நிறம் சார்ந்த சமூக இடமாக ஆராயப்படவில்லை. சுவரெழுத்தின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் ‘கார்ன்பிரெட்’ போன்ற கறுப்பின இளைஞர்களும் நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்க இளைஞர்களும் இருந்தனர். அந்த மரபின் வடிவம் இப்படத்தினுள் வருகிறது. அதை உருவாக்கியோர் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றனர். டோனி சில்வர் இயக்கிய ‘ஸ்டைல் வார்ஸ்’ (1983) படத்தில் ஸ்கீம் என்ற இளைஞரின் செயலை அவருடைய தாய் வீட்டிலேயே மறுத்துப் பேசுகிறார். அத்தகைய மாற்றுக்குரல் 2008ஆம் ஆண்டுப் படத்தில் அரிது. பெரும்பாலும் குழுவினரே குழுவைப் பற்றிப் பேசுகின்றனர்.

குழுவில் பெரும்பான்மையோர் ஆண்கள். ஆயினும் தலையெண்ணிக்கையை மட்டும் கொண்டு படத்தை மதிப்பிடுவது போதாது. மார்கரெட் கில்காலன் காட்டப்படும் முறையே முதன்மையான சான்று. சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் பழைய நூல்களைச் செப்பனிடும் பணியிலிருந்த அவர், பழைய அச்செழுத்துகளிலிருந்தும் கையால் எழுதப்பட்ட கடைப்பலகைகளிலிருந்தும் தம் ஓவியமொழியை உருவாக்கினார். தனியே நடக்கும், அலைச்சறுக்கும், சண்டையிடும் பெண்களைப் பெருஞ்சுவர்களில் தீட்டினார். சரக்கு ரயில் பெட்டிகளில் ‘மடோகி ஸ்லாட்டர்’ என்று எழுதினார். அது பாஞ்சோ இசைத்த ஒரு பெண்ணின் பெயர். ஆண்கள் தம் புனைபெயரைப் பரப்பிய வெளியில் மற்றொரு பெண்ணின் பெயரை ஊர் ஊராக அனுப்பிய இச்செயல், கலையில் யார் நினைக்கப்படுகிறார்கள் என்ற வாதத்தையே உள்ளடக்கியது.

கில்காலன் 2001இல், மகள் பிறந்த சில வாரங்களில், மார்பகப் புற்றுநோயால் 33 வயதில் இறந்தார். படத்தின் உணர்வுமையம் இந்த இழப்பே. நண்பர்களின் துயரம் உண்மையானது. அந்நெருக்கமின்றி இத்தகைய படம் உருவாகியிருக்கவும் முடியாது. ஆனால் அத்துயரம் குழு முதிர்ச்சியடைந்த தருணமாகக் கட்டமைக்கப்படும்போது, அவருடைய ஓவியத்தின் வாதம் பின்னகர்ந்து மரணம் முன்னுக்கு வருகிறது. விளம்பரப் பணிகளை ஏற்றது சரியா என்று ஆண் கலைஞர்கள் தம் தெரிவுகளை விளக்க இடம் பெறுகின்றனர். கில்காலனோ பழைய பதிவுகளிலும் பிறர் நினைவுகளிலுமே பேசுகிறார். இறந்தவர் நேர்காணல் தர இயலாது என்பது வெளிப்படை. அவர் தீட்டிய பெண்களைப் பற்றிப் பேசக்கூடிய பெண் கலைஞர்களையும் ஆய்வாளர்களையும் தேடிச் செல்வது இயக்குநரின் தெரிவுக்கு உட்பட்டதாகவே இருந்தது.