வந்த நிலத்தின் பயன்: மோதல் விளையாட்டில் போக்கிமான் உயிர்கள்

கருப்பொருள்களைத் தொகுத்துரைத்த தொல்காப்பியர், அடுத்த நூற்பாவிலேயே அவற்றின் இடப்பெயர்ச்சி பற்றியும் பேசுகின்றார். ஒரு நிலத்திற்குரிய பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வாராமல் பிறிதொரு நிலத்தில் வந்து நிற்குமாயின், வந்த நிலத்தின் பயனையே அவை தரும் என்பது அகத்திணையியல் கூறும் விதி. உரிப்பொருள் ஒழிந்த பிற மயங்கலாம் என்னும் விதியும் இதனோடு இயைத்து நோக்கத்தக்கது. செய்யுளுக்கென வகுக்கப்பட்ட இவ்விதி இன்றைய கணினி விளையாட்டுப் புனைவிற்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

1996 பிப்ரவரி 27இல் ஜப்பானில் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்கு வெளியான போக்கிமான், 151 உயிர்களைக் கொண்டது. அதனை உருவாக்கிய சதோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த அனுபவமே அதன் வித்து. எனவே அவ்வுயிர்கள் நிலம் பகுத்தே வைக்கப்பட்டுள்ளன. பிகாச்சு காட்டில் கிடைக்கும். சூபாட் என்னும் வௌவால் குகையில் கிடைக்கும். நீர்வாழ்வன வேண்டின் தூண்டில் இட வேண்டும். உயிர் ஒவ்வொன்றும் நான்கு வித்தைகளே அறியும். ஆடுபவர் போரிடுவதில்லை; முறை வரும்போது ஏவுகின்றார். தேடுதலும் வளர்த்தலும் இதன் உரிப்பொருள் எனலாம். போர் அதற்குத் துணை.

1999இல் மசாகிரோ சகுராய் இயக்கத்தில் எச்.ஏ.எல். நிறுவனம் உருவாக்கி நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ், மரியோ, லிங்க், கிர்பி முதலிய வேற்றுப்புனைவு மாந்தரை ஒரே மேடையில் மோதவிட்டது. பன்னிரு மாந்தருள் பிகாச்சுவும் ஜிகிலிபஃபும் இடம்பெற்றன. இங்கு ஏவல் இல்லை, முறை இல்லை; ஆடுபவரே அவ்வுயிராகின்றார். காடும் குகையும் நீங்கின. எனின், எஞ்சியது யாது?

விடை ஜிகிலிபஃபின் துயில் வித்தையில் உள்ளது. மூல விளையாட்டில் அது தற்காப்பு: உறங்கும் உயிர் தன் ஆற்றல் முழுதும் மீளப்பெறும், விழிக்கும்வரை செயலற்றுக் கிடக்கும். மோதல் விளையாட்டில் அதே துயில் கொடிய தாக்குதலாகின்றது. எதிரியை ஒட்டி நின்று உறங்கினால் அவர் மேடைக்கு வெளியே தூக்கி எறியப்படுவார். சற்றே தவறினும் உறங்கும் ஜிகிலிபஃப் எதிரிக்கு இரையாகும். பயன் தலைகீழாயிற்று, ஆயினும் உறக்கம் என்னும் இடர் மாறவில்லை. 2016ஆம் ஆண்டு ஈவோ போட்டியில் ஹங்கிரிபாக்ஸ் என்னும் புனைபெயர் கொண்ட ஆட்டக்காரர் இவ்வுயிரைக் கொண்டே இரண்டாம் பாகமான மெலீ ஆட்டத்தில் வென்றார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பிகாச்சுவின் விரைவுத் தாக்குதலும் இத்தகையதே. மூலத்தில் முதலில் தாக்கும் உரிமை தரும் அது, மேடையில் வீழ்வோன் மீண்டேறும் வழியாகின்றது. 'விரைவு' என்னும் பண்பு ஒன்றே பெயர்ந்து வந்துள்ளது.

இதற்கு மாறானது 2008இல் வெளியான பிரால் பாகத்தின் பயிற்சியாளர். ஸ்குவர்டில், ஐவிசார், சாரிசார்ட் என மூன்று உயிர்களை மாற்றி மாற்றி ஆடவேண்டும். நீர், புல், நெருப்பு என்னும் இன வலிமை மூலத்திலிருந்து கொண்டுவரப்பட்டது; நெடுநேரம் ஆடின் களைத்துப்போதலும் அதனோடு சேர்க்கப்பட்டது. பிறந்த நிலத்தின் பயனை வந்த நிலத்தில் வற்புறுத்திய முயற்சி இது. பிறர்க்கு இல்லாத சுமை இவ்வுயிர்கட்கு மட்டும் ஏற்பட்டது. 2018இல் வந்த அல்டிமேட் பாகத்தில் மூன்று உயிர்களும் மீண்டும் வந்தன. களைப்பும் இன வேறுபாடும் கைவிடப்பட்டன. மூலத்திற்கு விசுவாசம் என்று போற்றத்தக்கது பிராலே எனச் சிலர் கருதக்கூடும். அது விதியின் எழுத்துக்குக் காட்டிய விசுவாசமேயன்றிப் பொருளுக்குக் காட்டியதன்று.

போக்கிப் பந்தும் பயன் மாறியதே. பிடிப்பதற்குரிய கருவி, இங்கு எறிந்தால் ஏதோ ஓர் உயிரை வெளிப்படுத்தும் படைக்கலமாகின்றது. கோல்டீன் என்னும் மீன் வெளிப்பட்டால் அது மேடைமேல் துள்ளித் துடிப்பதன்றி வேறொன்றும் செய்யாது. நீரின்றிக் கிடக்கும் அம்மீன், திணைமயக்கத்தின் நகைச்சுவை வடிவம்!

இவ்வாறு புனைவு கடந்து வருதல் நமக்குப் புதிதன்று. இராமகாதை அனுமன் பாரதத்தில் வீமன் வழியில் முதிய குரங்காய் வந்து கிடக்கின்றான். கடல் தாவிய ஆற்றல் அங்கே அசையா வாலாகின்றது. சாம்பவான் பாகவதத்தில் கண்ணனோடு பொருகின்றான். போரின் முடிவில் அவன் மகள் கண்ணனுக்கு மனைவியாகின்றாள். இருவரும் வந்த கதையின் பயனையே தருகின்றனர்.

எதிர்நிலைச் சான்றும் ஒன்றுண்டு. 2016 டிசம்பரில் இந்தியாவில் முறைப்படி வெளியான போக்கிமான் கோ, உயிர்களை உண்மை நிலத்தின்மேல் வைத்தது. நீர்நிலை அருகில் நீருயிர்கள் மிகுதியாகத் தோன்றும் என்பது அதன் அமைப்பு. தாராவி, மாதுங்கா, செம்பூர்த் தமிழர்க்கு அப்பால், தானே கடற்கழிக்குக் கிழக்கே நவி மும்பையில் அமைந்த சான்பாடாவில் அவ்விளையாட்டை ஆடும் ஒருவர்க்குக் கழியும் அலையாத்தியும் அயலில் உள்ளன. பருவந்தோறும் அக்கழிக்குப் பூநாரைகளும் வருகின்றன. அங்குக் கைப்பேசியில் தோன்றும் நீருயிர், நெய்தற் கருப்பொருளின் இலக்கணத்தோடே தோன்றுகின்றது. ஸ்மாஷ் மேடையில் நிலம் இல்லை. ஆகவே அங்கு உயிரே தன் நிலத்தின் குறிப்பைச் சுமக்க நேர்கின்றது. முதல் பாகத்தின் சாஃப்ரன் நகர மேடையில் மட்டும் கட்டடக் கதவு திறந்து சார்மண்டர், போரிகான் முதலியன வெளிவந்து, ஆடுவோர் எவராயினும் தாக்கிச் செல்கின்றன.