கோட்டையும் காத்திருப்போர் வரிசையும்

குருமடத்தில் பயின்ற நாட்களில் ஏ. ஜே. கிரோனின் எங்களுக்கு ஒரே நூலின் ஆசிரியராகத்தான் அறிமுகமாகியிருந்தார். சீனாவில் மறைப்பணி புரிந்த அருள்தந்தை சிஷோமைப் பற்றிய 'தி கீஸ் ஆஃப் தி கிங்டம்' (1941) அது. கைமாறிக் கைமாறி அட்டை கழன்றுபோன பிரதியாக அதைப் படித்தோம். அந்தக் கத்தோலிக்க எழுத்தாளர் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், தம் மருத்துவ அனுபவத்தைக் கொண்டு எழுதிய 'தி சிட்டடல்' என் கைக்கு வந்தது மிகவும் பிந்தித்தான். 'சிட்டடல்' என்றால் கோட்டை. பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய என்.எச்.எஸ். என்னும் அனைவர்க்குமான மருத்துவ ஏற்பாட்டுக்கு மக்கள் மனத்தைப் பண்படுத்திய நூல் இது என்பார்கள். இவ்வாண்டுத் தவக்காலத்தில் அதை இரண்டாம் முறை படித்து முடித்தேன். அந்தப் பாராட்டில் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்திலிருந்து வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர் ஒன்றுக்கு வருகிறான் ஆண்ட்ரு மேன்சன் என்னும் இளம் மருத்துவன். டைபாய்டைப் பரப்பும் கழிவுநீர்க் கால்வாயை நகராட்சி சீர்செய்யாது என்று கண்டு, நண்பன் டென்னியோடு சேர்ந்து அதை வெடிவைத்துத் தகர்க்கிறான். பின்னர் இலண்டன் சென்று, செல்வச் சீமாட்டிகளின் இல்லாத நோய்களுக்கு ஊசி போட்டுப் பொருள் சேர்க்கிறான். திறமையற்ற அறுவை மருத்துவன் ஒருவனிடம் தான் அனுப்பிய எளிய கடைக்காரர் மேசையிலேயே இறந்துபோகும்போது அவன் கண் திறக்கிறது. இந்த இலண்டன் பகுதியைத்தான் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பணம் மருத்துவத்தைக் கெடுக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன நாவல் அரிது. சொல்லப்போனால், தெளிவு சற்று மிகுதி. தீயவர்கள் எல்லாரும் உள்ளே நுழையும்போதே தீயவர்களாகத் தெரிகிறார்கள்.

நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்றது நடுவிலுள்ள அபெராலா அதிகாரங்களுக்கு. அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்துத் தங்களுக்கென மருத்துவ உதவிச் சங்கம் வைத்திருக்கிறார்கள். நோயாளி மருத்துவரிடம் காசு நீட்ட வேண்டியதில்லை. ஆனால் காசு எழுந்துபோன நாற்காலி காலியாக இருப்பதில்லை. அதில் வேறொன்று வந்து அமர்ந்துகொள்கிறது. சென்கின் என்பவன் உடல்நலத்தோடு இருந்துகொண்டே, வேலைக்குப் போக இயலாதெனச் சான்றிதழ் கேட்கிறான். மேன்சன் மறுக்கிறான். உடனே சென்கினும் அவன் கூட்டாளிகளும் தங்கள் அட்டைகளை எடுத்துக்கொண்டு இளகிய மனமுள்ள வேறொரு மருத்துவரிடம் போய்விடுகிறார்கள். அட்டை குறைந்தால் மருத்துவனின் வருவாய் குறையும். தலைமை மருத்துவரோ உதவியாளர்களின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெடுவதை ஆராய மேன்சன் கினிப்பன்றிகளை வைத்துச் சோதனை செய்தால், அதற்கும் குழு கூடி விசாரணை நடத்துகிறது. ஒரு தீயவனையும் வைக்காமலே ஒரு நல்ல அமைப்பின் இடர்களை இங்கே காட்டிவிடுகிறார் கிரோனின். நாவலின் மிகச் சிறந்த பக்கங்கள் இவை. அனைவர்க்குமான மருத்துவத்தின் தூதாக இந்நூலைப் போற்றுவோர் இப்பக்கங்களை விரைந்து கடந்துவிடுகிறார்கள் என்று எண்ணுகிறேன்.

இச்சங்கம் கற்பனை அன்று. கிரோனின் 1921 முதல் 1924 வரை ட்ரெடீகர் என்னும் வேல்ஸ் ஊரில் மருத்துவராகப் பணியாற்றினார். அவ்வூர்த் தொழிலாளர்கள் ஒரு பவுண்டு கூலிக்கு மூன்று பென்னி வீதம் செலுத்தி நடத்திய மருத்துவ உதவிச் சங்கம் அங்கே இருந்தது. அதே ஊரில் பிறந்து, சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கி, பின்பு அச்சங்கத்தின் மருத்துவமனைக் குழுவில் அமர்ந்தவர் அனைரின் பெவன். 1945-இல் நலவாழ்வு அமைச்சரானதும், தம் ஊர் பெற்றிருந்ததை நாடு முழுவதற்கும் கொடுத்தார். ஒரே சங்கத்தைக் கண்ட இருவரில், கிரோனின் குழுவின் மூச்சுத் திணறலை எழுதினார். பெவன் காசில்லாமல் நலம் பெற்ற தாயையும் குழந்தையையும் நினைவில் வைத்துக்கொண்டார்.

பெவன் செய்ததற்கும் விலை இருந்தது. நாட்டுடைமை வந்ததும் ட்ரெடீகர் சங்கத்துக்கே வேலை இல்லாமற்போனது. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931-இல் தம் சுற்றுமடலில், சிறிய குழு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்னும் துணைநிலைக் கோட்பாட்டை வகுத்தார். அதன்படி பார்த்தால் இது இழப்பே. சென்கின் போன்றவனும் எழுந்து நின்று கூச்சலிடக்கூடிய ஒரு கூடம் மூடப்பட்டது. ஆனால் சுரங்கம் இல்லாத, சங்கம் இல்லாத ஊரின் விதவைக்கு அந்தக் கூடத்தால் என்ன பயன்? திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவான் 1963-இல் மருத்துவ உதவியை மனித உரிமைகளுள் ஒன்றாக எண்ணினார். இரு திருத்தந்தையரையும் ஒரே தராசில் வைக்கும்போது, நான் பெவன் பக்கமே சாய்கிறேன், சற்று வருத்தத்தோடுதான்.

இன்னொரு விலையை யாரும் முன்கூட்டி அறியவில்லை. 1942-இன் பெவரிட்ஜ் அறிக்கை, இருபது ஆண்டுகள் கழிந்தாலும் மருத்துவச் செலவு உயராது என்றே கணித்திருந்தது. நடந்தது வேறு. மூக்குக்கண்ணாடிக்கும் செயற்கைப் பல்வரிசைக்கும் மக்கள் திரண்டார்கள். ஆண்டுக்கணக்காக மங்கிய கண்ணோடும் பல் இல்லாத வாயோடும் வாழ்ந்தவர்கள் அவர்கள். அதைப் பேராசை என்பதற்கு மனம் வரவில்லை. 1951-இல் அவ்விரண்டுக்கும் கட்டணம் விதிக்கப்பட்டபோது பெவன் பதவி துறந்தார். அடுத்த ஆண்டே மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வந்தது. வேல்ஸில் 2007-இல் மருந்துக் கட்டணம் முற்றிலும் நீக்கப்பட்டது. காசு கேட்காத இடத்தில் காலம் கேட்கப்படுகிறது. இங்கிலாந்தில் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2023 செப்டம்பரில் 77 இலட்சத்தைக் கடந்தது. எந்தப் புதிய மருந்துக்கு எவ்வளவு செலவிடலாம் என்று கணக்கிடவே 1999-இல் 'நைஸ்' என்னும் நிறுவனம் அமைக்கப்பட்டது. நோயாளிக்கு நல்வாழ்வோடு ஓர் ஆண்டைக் கூட்டித் தருவதற்கு ஆகும் செலவு 20,000 முதல் 30,000 பவுண்டுக்குள் அடங்குகிறதா என்பதே நெடுங்காலம் அதன் அளவுகோலாக இருந்தது. ஓர் உயிரின் ஆண்டுக்கு விலை குறிப்பதா என்று முதலில் எனக்குக் கை நடுங்கியது. பிறகு எண்ணிப் பார்த்தேன். நகையை அடகு வைக்க வங்கிக்குப் போகும் குடும்பத்தலைவியும் அதே கணக்கைத்தான் போடுகிறார். தனியாக, இரவில், யாரிடமும் சொல்லாமல்.

நல்ல சமாரியர் உவமைக்கு மறையுரை ஆற்றும்போது நாங்கள் எண்ணெயையும் திராட்சை மதுவையும் பற்றி நிறையப் பேசுவோம். சாவடிக்காரரிடம் கொடுத்த இரு தெனாரியங்களைப் பற்றியும், கூடுதல் செலவைத் திரும்பி வந்து தருவதாக அவர் சொன்னதைப் பற்றியும் பேசுவது குறைவு. தொகை எழுதாத வாக்குறுதி அது. வழியில் கிடந்தவர் ஒருவர் என்பதால் சமாரியரால் அதைக் கொடுக்க முடிந்தது. பெவன் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேருக்குக் கொடுத்தார்.

கிரோனினிடம் எனக்குள்ள குறை இங்கேதான். மேன்சனின் மனமாற்றத்தை அவர் ஓர் ஒப்புரவு அருட்சாதனம் போல அமைக்கிறார்: பாவம், இரத்தம், கண்ணீர், மனைவியின் மறைவு என்னும் தண்டனை, இறுதியில் மருத்துவ மன்றத்தின் முன் அறிக்கை. கத்தோலிக்க வாசகனுக்கு இது நெஞ்சைத் தொடும். ஆனால் அதன் பிறகு மேன்சன் என்ன செய்கிறான்? டென்னியோடும் இன்னொரு நண்பனோடும் சிறு நகரம் ஒன்றில் கூட்டு மருத்துவகம் திறக்கப் புறப்படுகிறான். மூன்று நல்லவர்கள், ஒரு வீடு. வாசலில் முந்நூறு பேர் வந்து நின்றால் யாரை முதலில் அழைப்பார்கள், சம்பளத்தை யார் தருவார்கள் என்று நாவல் கேட்பதே இல்லை. அபெராலாவில் அவ்வளவு நேர்மையாக எழுப்பிய கேள்வியை, ஆசிரியர் இரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வண்டியேறிவிடுகிறார். இந்நூல் என்.எச்.எஸ்.-ஐ முன்னறிவித்தது என்போர் கடைசி அதிகாரத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். அங்கே அரசும் இல்லை, சங்கமும் இல்லை.

நாவலுக்குப் பின் நடந்த ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். என்.எச்.எஸ். வந்த பின், அந்த வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் பணியாற்ற அந்நாட்டு மருத்துவர்கள் முன்வரவில்லை. 1960-களிலிருந்து மேன்சனின் நாற்காலியில் அமர்ந்தவர்களுள் மிகப் பலர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்றவர்கள். நம் மக்களின் வரிப்பணத்தில் கற்றவர்கள் அவர்கள். சுரங்கத் தூசி படிந்த நுரையீரல்களை அங்கே பரிசோதித்தார்கள். என் பங்கிலிருந்தும் ஒரு செவிலியர் இங்கிலாந்தில் இருக்கிறார். விடுமுறையில் வந்தபோது, அங்குள்ள முதியவர்கள் ஆறு மணி நேரம் காத்திருந்த பின்னும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள் என்றார். அவருடைய தாய்க்கு இங்கே முழங்கால் அறுவைக்கு அவர் அனுப்பும் பணம்தான் கட்டணம்.