பெசாக்கும் பாஸ்காவும்: ஒரு விழாச்சொல்லின் இரு பொருண்மைகள்

இஸ்ரயேல் மக்கள் எகிப்திய அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் விழா எபிரேயத்தில் 'பெசாக்' எனப்படும். அதன் தோற்றத்தைக் கூறும் விவிலியப் பகுதி, யாத்திராகமம் என்றும் விடுதலைப் பயணம் என்றும் தமிழில் வழங்கும் நூலின் பன்னிரண்டாம் அதிகாரமாகும். யூதர், கிறித்தவர் ஆகிய இரு சாராருக்கும் அது மறைநூற் பகுதியே. யூதர் எகிப்திலிருந்து பெற்ற விடுதலையை நினைக்கின்றனர். கிறித்தவர் இயேசுவின் இறப்பையும் உயிர்ப்பையும் நினைக்கின்றனர் என்று இருவர்தம் வேறுபாட்டைச் சுருக்கிக் கூறுவது வழக்கம். இக்கூற்று பிழையன்று, ஆயினும் போதாது. வேறுபாடு நினைக்கப்படும் நிகழ்ச்சியில் மட்டுமன்றி, நினைத்தல் என்னும் செயலின் இயல்பிலேயே அமைந்துள்ளது. தமிழில் வழங்கும் சொல்லோ அவ்விரு நினைவுகளுள் ஒன்றையே முன்னிறுத்துகிறது. இவ்விரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லின் பயணம்

சீர்திருத்தத் திருச்சபையினரிடையே வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு 'பஸ்கா' என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'பாஸ்கா' என்றும் எழுதுகின்றன. இரண்டும் கிரேக்க வடிவின் வழிவந்தவை. எபிரேய வேர்ச்சொல்லுக்குக் 'கடந்து செல்லுதல்' என்பதே பெருவழக்கான பொருள். எனினும் எசாயா நூலின் 31ஆம் அதிகாரத்தில், பறவைகள் சிறகு விரித்துக் காப்பதுபோல் இறைவன் எருசலேமைக் காப்பதைச் சொல்லுமிடத்தும் அவ்வினையே ஆளப்படுகிறது. எனவே 'காத்தல்' என்னும் பொருளும் அதற்குரியதெனக் கொள்வாருளர். கிரேக்கத்திற்குச் சென்றபோது இச்சொல் தன் வேரை இழந்தது. ஆனால் துன்புறுதலைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல்லோடு ஒலியால் நெருங்கி நின்றது. இரண்டாம் நூற்றாண்டினரான சார்தை நகர மெலித்தோ, பாஸ்கா பற்றிய தம் மறையுரையில் இவ்வொலியொப்புமையைக் கொண்டு விழாப்பெயருக்கே 'பாடு' என்னும் பொருளை ஏற்றினார். சொற்பிறப்பியல் நோக்கில் இது பொருந்தாது. சமய வரலாற்று நோக்கில் நிலைபெற்றுவிட்டது. தமிழகக் கத்தோலிக்க ஊர்களில் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகம் 'பாஸ்கா' என்றே அழைக்கப்படுவதை இங்குக் கருதலாம். எகிப்தில் இரத்தம் பூசப்பட்ட கதவு நிலைகளைப் பற்றிப் படிக்கும் தமிழ் வாசகரின் மனத்தில், அச்சொல்லே சிலுவையை முற்பட நிறுத்திவிடுகிறது.

யூத நோக்கு: மீள நிகழ்தல்

முதல் மாதத்தின் பதினான்காம் நாள் மாலையில் ஆட்டுக்குட்டியை அடித்து, நெருப்பில் வாட்டி, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் உண்ண வேண்டும் என்பது அப்பனுவலின் விதி. பிள்ளைகள் இவ்வழிபாட்டின் பொருளை வினவும்போது பெற்றோர் விடையளிக்க வேண்டும் என்பதும் அங்கேயே விதிக்கப்பட்டுள்ளது. கி.பி. 70இல் உரோமரால் எருசலேம் ஆலயம் அழிக்கப்பட்டபின் முதல் விதியை நிறைவேற்ற வழியில்லாது போயிற்று. இரண்டாம் விதியோ விழாவின் நடுவிடத்தைப் பெற்றது. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் 'பெசாகிம்' பகுதி, நான்கு கிண்ணத் திராட்சை இரசம், பிள்ளையின் வினாக்கள், இழிநிலையில் தொடங்கிப் புகழ்ச்சியில் முடியும் விளக்கவுரை என இல்லத்து விழாவை வரையறுக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தாமே எகிப்தைவிட்டு வெளியேறியவராகத் தம்மைக் கருத வேண்டும் என்பது அதன் உயிர்நாடி.

ஆகவே யூத நோக்கில் எகிப்து முடிந்துபோன கடந்த காலம் அன்று. உண்பவரின் நாவில் கசப்பு மீண்டும் நிகழ்கிறது. அவ்விரவில் ஓதப்படும் 'அகாதா' நூலில் மோசேயின் பெயர் ஏறத்தாழ இடம்பெறுவதே இல்லை. மேற்கோளொன்றினுள் மட்டுமே அது வருகிறது. தலைவன் ஒருவனின் வீரக்கதையாக அன்றி, இறைவனின் செயலாகவும் கேட்போரின் சொந்த வரலாறாகவும் விடுதலை கூறப்படுகிறது. எகிப்தின் பத்து வாதைகளை எண்ணும்போது கிண்ணத்திலிருந்து துளித்துளியாக இரசத்தைக் குறைக்கும் வழக்கத்திற்கு, பகைவரின் துன்பத்தில் தம் மகிழ்ச்சியும் குறைய வேண்டும் என்ற விளக்கம் பிற்காலத்தில் கூறப்பட்டது.

கிறித்தவ நோக்கு: நிறைவுறுதல்

கிறித்துவே பாஸ்கா ஆட்டுக்குட்டி என்னும் கருத்து, ஆலய அழிவுக்கு முன்னரே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் காணப்படுகிறது. நற்செய்தியாளர்கள் இக்கருத்தை ஒரே வகையில் வளர்க்கவில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகியோர் இயேசுவின் இறுதி இரவுணவைப் பாஸ்கா விருந்தாகவே காட்டுகின்றனர். யோவானோ அவ்விருந்துக்கு முந்திய ஆயத்த நாளிலேயே இயேசு சிலுவையில் அறையப்பட்டதாகக் கூறுகிறார். அவர்தம் எலும்பு முறிக்கப்படாமையை ஆட்டுக்குட்டி பற்றிய பழைய விதியோடு இயைக்கிறார். மூவரிடத்தில் விருந்து முதன்மை பெற, யோவானிடத்தில் பலி முதன்மை பெறுகிறது. அவ்விரவுணவை இன்றைய யூத இல்லங்களில் நிகழும் 'செதேர்' விருந்தாகவே கொள்வது காலமுரணாகும். அதன் இன்றைய ஒழுங்கு ஆலய அழிவுக்குப் பின்னரே உருப்பெற்றது.

இந்நோக்கில் எகிப்திய நிகழ்ச்சி முன்னடையாளமாகிறது. பின்வந்தது அதன் நிறைவு. ஆயினும் நிறைவு என்பது நீக்கம் ஆகாது. கத்தோலிக்க உயிர்ப்புத் திருவிழிப்பில் செங்கடலைக் கடந்த பகுதியை எக்காரணம் கொண்டும் விடாது வாசிக்க வேண்டும் என்னும் ஒழுங்கு இதற்குச் சான்றாகும்.

விளக்கத்தின் விளைவு

முன்னடையாளம் தன் பொருளை இழந்துவிட்டது என்று கொண்டபோது, பனுவல் விளக்கம் மக்கள்மீதான தீர்ப்பாக மாறியது. மேற்சுட்டிய மெலித்தோவின் மறையுரையே இஸ்ரயேல் இறைவனைக் கொன்றது எனக் குற்றஞ்சாட்டுகிறது. கி.பி. 325இல் கூடிய நிசேயாச் சங்கம், உயிர்ப்பு விழாவின் நாளை யூதர் கணிப்பைச் சாராது வரையறுக்க முற்பட்டது. 1475இல் திரெந்து நகரில் சிமோன் என்னும் சிறுவன் இறந்தபோது, கிறித்தவக் குழந்தையின் இரத்தத்தைப் பெசாக் விழாவுக்குப் பயன்படுத்தினர் என்ற பொய்ப்பழியின் பேரில் யூதர் பலர் கொல்லப்பட்டனர். இரத்தம் உண்பதையே தடைசெய்யும் சமயத்தார்மீது இப்பழி சுமத்தப்பட்டது. அச்சிறுவனுக்குச் செலுத்தப்பட்டு வந்த வணக்கத்தைத் திருச்சபை 1965இல் நீக்கியது. அதே ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் இறப்புக்கான பழியை அன்றைய யூதர் அனைவர்மீதோ இன்றைய யூதர்மீதோ சுமத்தலாகாது என அறிவித்தது. ஒரு பனுவலின் முதற்பொருளை மறுப்பது எத்துணைக் கொடிய விளைவைத் தரும் என்பதற்கு இவ்வரலாறு சான்று பகர்கிறது.

முடிவுரை

யூதருக்குப் பெசாக் தலைமுறைதோறும் மீள நிகழும் வெளியேற்றம். கிறித்தவருக்குப் பாஸ்கா ஒருமுறை நிறைவுற்று, வழிபாட்டில் பங்குகொள்ளப்படும் மீட்பு. முன்னது சொல்லுதலால் வாழ்கிறது. பின்னது ஓர் ஆளிடத்தில் மையங்கொள்கிறது. ஒன்றை மற்றொன்றின் குறைவடிவாகக் கொள்வது பனுவலுக்கும் வரலாற்றுக்கும் நேர்மை செய்வதாகாது. தமிழ் ஆய்வுலகில் யூத விழாவைக் குறிக்கப் 'பெசாக்' என்பதையும், கிறித்தவ விழாவைக் குறிக்கப் 'பாஸ்கா' என்பதையும் வேறுபடுத்தி வழங்குதல் நலம். இரு சொற்களும் அருகருகே நிற்கும்போதுதான், ஒரே பனுவல் இரு சமயங்களுக்கும் உயிருள்ளதாய் விளங்குவதைத் தமிழ் வாசகர் உணர இயலும்.